பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய ரேசர்

முதலில் பிளேடு வாங்குங்கள். ரேசர் அப்புறம்.

குதிரைக்கு முன்னால் லாடம் வாங்கச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் இஞ்செக்டர் ரேசர் விஷயத்தில் அதுதான் சரியான வரிசை. நம் அப்பாக்கள் கையில் பார்த்த, இரண்டு பக்கமும் கூரான பிளேடு போடும் ரேசருக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் பிளேடு கிடைக்கும். இதற்குக் கிடைக்காது. ஒரு பக்கம் மட்டுமே கூர் உள்ள, சுமார் 38 மில்லிமீட்டர் நீளமுள்ள, தடித்த பிளேடு இது. அதை அடுக்கி வைத்திருக்கும் தட்டையான டப்பா, அந்த டப்பாவின் முனையில் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரச் சாவி, மூன்றும் சேர்ந்ததுதான் ஏற்பாடு. அமெரிக்காவில் இன்றும் ஷிக், பெர்சோனா பெயர்களில் இந்த டப்பாக்கள் விற்பனைக்கு வருகின்றன. மருந்துக்கடை அலமாரியில் தேடுவதைவிட இணையத்தில் தருவிப்பது சுலபம்.

சலூனில் இரண்டு பக்க பிளேடை நடுவே ஒடித்துக் கத்தியில் செருகுவார்களே, அந்த அரை பிளேடு இதில் நிற்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். நிற்காது. அந்தப் பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான், இஞ்செக்டர் பிளேடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த ரேசரின் பிடிமானம் முழுக்க அந்தக் கனத்தை நம்பித்தான் இருக்கிறது. மெலிந்த பிளேடைச் செருகினால் கன்னத்தில் ஆட்டம் போடும்.

பிளேடு டப்பாவை முதலில் வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ரேசரைச் சோதித்துப் பார்க்க அதுதான் கருவி. சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு டப்பா இருக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது என்பது பின்னால் வருகிறது.

துப்பாக்கியிலிருந்து வந்த யோசனை

ஜேக்கப் ஷிக் (1877–1937) அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். பிலிப்பைன்ஸிலும் அலாஸ்காவிலும் பணியாற்றியவர். ஒரு குண்டு வெளியேறியதும், கையால் இழுத்துத் தள்ளினால் அடுத்தது இடத்துக்கு வரும் ரிப்பீட்டிங் துப்பாக்கியை ராணுவத்தார் எல்லாரும்தான் கையாண்டார்கள். அதைச் சவரத்துக்குக் கொண்டு வரலாம் என்று பட்டது இவருக்கு. 1920களின் நடுவில் அவர் கொண்டு வந்த ரேசருக்குப் பெயரே ‘மேகஸின் ரிப்பீட்டிங் ரேசர்’. பிளேடுக் கட்டு கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். இழுத்துத் தள்ளினால் புது பிளேடு முன்னால் வரும், பழையது வெளியே விழும். விரல் கூர்முனையைத் தொடவே வேண்டாம்.

அவர் மனம் அதோடு நிற்கவில்லை. தண்ணீரும் சோப்பும் இல்லாமல் சவரம் செய்யும் மின்சார ரேசரின் மேல் போய்விட்டது. பிளேடு ரேசர் தொழிலை விற்றுவிட்டு அதில் இறங்கினார். மின்சார ரேசரின் தந்தை என்று உலகம் நினைவில் வைத்திருப்பவரும், இந்த அத்தியாயத்து ரேசருக்குப் பிள்ளையார் சுழி போட்டவரும் ஒரே ஆள்தான்.

நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் அவர் கைவிட்டுப் போன பிறகு வந்த ரகம். 1930களின் நடுவில் பிளேடுக் கட்டு கைப்பிடியை விட்டு வெளியேறித் தனி டப்பாவுக்குப் போனது. கைப்பிடி இலகுவானது, ரேசர் மலிவானது. இன்று ‘இஞ்செக்டர்’ என்று சொன்னால் இதுதான். கைப்பிடிக்குள் கட்டு வைக்கும் ஆரம்ப ரகம் கண்ணில் பட்டால் ஆசையாகப் பாருங்கள், விலையைக் கேளுங்கள், திரும்ப வைத்துவிடுங்கள். அது அலமாரிக்கு. தினமும் முகத்தில் வைக்க அல்ல.

சேகரிப்பவர்கள் இந்த ரேசர்களை ஆங்கில எழுத்துகளால் பிரித்திருக்கிறார்கள். ஈ ரகம் ஏறத்தாழ 1935 முதல் இரண்டாம் உலகப்போர் முடிகிற வரை. ஜி ரகம் 1946-க்குப் பிறகு, 1950களின் நடுவரை. 1946-ல் பேனாவுக்குப் பேர்போன எவர்ஷார்ப் நிறுவனம் இந்தத் தொழிலை வாங்கியது. அதனால் உலோகத்தில் ‘எவர்ஷார்ப்’ என்று பொறித்திருந்தால் அது போருக்குப் பிந்தியது; ‘மேகஸின் ரிப்பீட்டிங் ரேசர் கம்பெனி’ என்று இருந்தால் முந்தியது. 1950களில் ‘ஹைட்ரோமேஜிக்’ என்று ஒரு ரகம் வந்தது. அதில் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினால் தலை திறந்துகொள்ளும், குழாயடியில் காட்டி அலசலாம். 1960களின் நடுவிலிருந்து வந்த எல் ரகம் கறுப்பு பிளாஸ்டிக் பிடியும் மெல்லிய தலையுமாக இருக்கும். அழகில் கடைசி, உழைப்பில் முதல் என்பேன். முதன்முதலாக வாங்குகிறவர் ஜி அல்லது எல் ரகத்தில் தொடங்கலாம். ஏராளமாகச் செய்து ஏராளமாக விற்ற சரக்கு. அதனாலேயே இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. நான் வாங்கியவற்றில் எதற்கும் 25 டாலருக்கு மேல் கொடுத்ததில்லை. தங்க முலாம் கலையாமல், அசல் பெட்டியோடு இருப்பது வேறு கணக்கு.

இன்னொரு எச்சரிக்கை. ‘சிங்கிள் எட்ஜ்’ என்று சொல்லி ஜெம் ரேசரையும் உங்கள் கையில் கொடுப்பார்கள். ஒரு பக்கக் கூர்தான், ஆனால் அது வேறு குடும்பம். அதன் பிளேடுக்கு முதுகில் தடித்த பட்டை உண்டு. 1880-ல் நியூயார்க்கில் காம்ஃப் சகோதரர்கள் கொண்டுவந்த ஸ்டார் ரேசரின் வழியில் வந்தது. நல்ல ரேசர்தான். ஆனால் நீங்கள் பையில் வைத்திருக்கும் டப்பாவுக்கு அதில் வேலையில்லை.

சந்தையில்

மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் என்று ஓர் ஊர். வருடத்துக்கு மூன்று முறை, மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில், 20-ஆம் எண் சாலையின் இருபுறமும் வயல் வயலாகப் பழம்பொருள் சந்தை கூடும். விடியுமுன்னே டார்ச் விளக்கோடு ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அங்கே ரேசர் விற்பவரின் மேசையைப் பார்த்தால் நம் ஊர் மாட்டுச் சந்தை நினைவுக்கு வரும். எண்ணெய் தடவி, கொம்பு சீவி, மணி கட்டி நிறுத்தியிருப்பார்கள். விவரம் தெரிந்தவர் மணியைப் பார்ப்பதில்லை. நேரே போய் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்.

இந்த ரேசருக்கும் வாய் இருக்கிறது. தலையின் மேல்தகட்டுக்கும் கீழே உள்ள காப்புப் பட்டைக்கும் நடுவில் பிளேடு நுழைந்து உட்காரும் அந்த ஒடுங்கிய சந்து. ரேசரின் நன்மை தீமை முழுவதும் அங்கேதான். பிடியின் பளபளப்பு, பெட்டியின் வெல்வெட், விற்பவர் சொல்லும் தாத்தா கதை எல்லாம் மணியும் குஞ்சமும்.

கையில் எடுத்ததும் முதலில் தலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். காப்புப் பட்டை நேராக இருக்கிறதா? குளியலறைத் தரையில் ஒருமுறை விழுந்திருந்தால் போதும், மூலை உள்ளே மடங்கியிருக்கும். பிளேடு முன்னால் நழுவாமல் தடுக்க இரு ஓரங்களிலும் சின்ன முளை போல நிறுத்திகள் இருக்கும். அவற்றில் ஒன்று தேய்ந்தோ வளைந்தோ போயிருந்தால் பிளேடு கோணலாக உட்காரும். ஒரு பக்கம் அதிகம் நீட்டும், அந்தப் பக்கம் கன்னம் கிழியும். இதைச் சரிசெய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறடு வைத்து நிமிர்த்தியவர்களின் ரேசர்கள்தான் அடுத்த சந்தையில் விற்பனைக்கு வருகின்றன.

பிறகு ஒரு துணுக்குப் பஞ்சு. காப்புப் பட்டையின் மீது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல இழுங்கள். எங்கேயாவது ஓர் இழை மாட்டிக்கொண்டு நின்றால் அங்கே பிசிர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது கழுத்து. பிடி தலையோடு சேருகிற இடத்தைச் சுற்றி நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய பேக்கலைட்டும் பிளாஸ்டிக்கும் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். மயிரிழை விரிசல் இருந்தால் நகம் ‘டிக்’கென்று தடுக்கும். தலையையும் பிடியையும் இரு கையால் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

இனி டப்பா. விற்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பிளேடு சமாச்சாரம், கேட்காமல் செய்வது மரியாதையில்லை. சாவியைத் தலையின் ஓரத்தில் உள்ள வாயிலில் அதன் கழுத்துவரை செருகுங்கள். பிளேடைக் கவ்விப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கம் தளர்வது விரலுக்குத் தெரிய வேண்டும். டப்பாவின் தள்ளுகோலைக் கடைசிவரை ஒரே மூச்சில் தள்ளுங்கள். புது பிளேடு உள்ளே போகும். தள்ளுகோலை முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டு அதற்குப் பிறகுதான் சாவியை உருவ வேண்டும். இந்த வரிசை மாறினால் பிளேடு பாதியில் மாட்டிக்கொள்ளும். சாவி வெளியே வந்ததும் ‘க்ளிக்’ என்று பிளேடு அமர்ந்து இறுகினால் ஸ்பிரிங்குக்கு உயிர் இருக்கிறது. ஓர் ஈர்க்குச்சியால் பிளேடின் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. மறுபடி வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளேடின் விளிம்புக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவே தெரிகிற கீற்று, இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே அகலமாக இருந்தால் பேரம் பேச ஆரம்பிக்கலாம்.

அழுக்கு குறையே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த சோப்பு அப்பி, பச்சைக் களிம்பு பூத்து, பார்க்கவே குமட்டும் ரேசர் உள்ளே அப்பழுக்கில்லாமல் இருக்கலாம். உபயோகித்தவர் கழுவவில்லை, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது குழிக்கு. ஈர விரலால் களிம்பைத் துடைத்துப் பாருங்கள். அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் சரி, ஊசி குத்தியது போலப் பள்ளம் பள்ளமாக இருந்தால் முலாம் அரித்துப்போய்விட்டது. வாயின் உள்ளே பழுப்புத் துரு தெரிந்தால் ஸ்பிரிங்கின் மேல் சந்தேகப்படுங்கள். தலை பித்தளை, அதற்குத் துருப் பிடிக்காது. உள்ளே இருக்கும் எஃகுக்குத்தான் பிடிக்கும்.

இணையத்தில் வாங்கினால் இதில் பாதியைச் செய்ய முடியாது. பிளேடு போட்ட நிலையில் தலையை நேர் எதிரே இருந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்தார், வேலை செய்யவில்லை என்று படித்துக்கொள்வது என் வழக்கம்.

பழைய பிளேடு டப்பா ஒன்று கூடவே வரும். திறந்து பார்த்துப் பெருமூச்சு விடலாம், சவரம் செய்யக் கூடாது. பிரயாணத்தில் பிளேடு டப்பாவை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

நான் கெடுத்த இரண்டு

சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் குற்றங்களை ஒப்புக்கொள்கிறேன். முதன்முதலில் வாங்கியது தந்த நிறப் பிடி போட்ட ஒரு ஜி ரகம். யாரோ முன்பின் தெரியாதவர் முகத்தில் வைத்த ரேசராயிற்றே என்று, பால் புட்டியைக் கொதிக்க வைப்பது போல வாணலியில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். சமையலறை முழுக்க ஆஸ்பத்திரி வாடை. எடுத்துப் பார்த்தால் பிடி மெருகு இழந்து சாம்பல் பூத்து, கழுத்தில் கோடு கோடாக விரிந்திருந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடியில்லாத தலையை வைத்து என்ன செய்வது?

இரண்டாவதில் தங்க முலாம். பித்தளை மெருகுக் குழம்பைத் துணியில் தொட்டு, குத்துவிளக்குத் தேய்ப்பது போலத் தேய்த்தேன். துணி கறுத்தது, எனக்கு உற்சாகம் ஏறியது. நிறுத்தும்போது தங்கத்தைக் காணோம். துணியில் இருந்த அழுக்கோடு அதுவும் போயிருந்தது. இந்த முலாம் மூச்சுவிட்டால் கலையுமளவு மெல்லியது. மெருகுக் குழம்பில் இருப்பதோ அராவும் பொடி.

ஆகவே, புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பொடி வேண்டாம், சாம்பல் வேண்டாம். பித்தளையைக் கண்டதும் துறுதுறுக்கிற கையைக் கட்டிப்போடுவதுதான் இந்த வேலையில் பாதி.

கழுவுவது

உள்ளே பழைய பிளேடு இருந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். சாவி வழியாகத்தான், கத்தி முனையால் நெம்பாதீர்கள். வரவில்லையென்றால் ஒரு டம்ளரில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, தலை மட்டும் முழுகும்படி கவிழ்த்து வையுங்கள். பிடி வெளியே நிற்கட்டும். அரை மணி நேரத்தில் சோப்புக் காரை இளகும். அப்போதும் அசையவில்லையென்றால் துரு பிடித்து ஒட்டியிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயைச் சந்துக்குள் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். ராத்திரியே வெற்றி பெற வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர்கள்தான் ஸ்பிரிங்கை வளைத்திருக்கிறார்கள்.

பிளேடு போனபின் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தலையைத் தேயுங்கள். வாய்க்குள்ளே அது எட்டாது. அதற்கு நான் கண்டுகொண்ட ஆயுதம், பல்லிடுக்கில் விடுவதற்கென்று மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய கம்பி பிரஷ். ஒரு பக்க ஓரத்தில் நுழைத்து மறுபக்கம் இழுத்தால் அரை நூற்றாண்டுச் சோப்பும் தாடி மயிரும் சாம்பல் நிறக் களியாக வெளியே வரும். சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம். தண்ணீரை மாற்றி மூன்று முறை இப்படிச் செய்வது, ஒரே முறை அழுத்தித் தேய்ப்பதைவிட நல்லது.

இத்தனைக்குப் பிறகும் வெள்ளைப் படலம் நின்றால் அது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு, சோப்போடு கூடிக் கெட்டியானது. இங்கே மட்டும் கொஞ்சம் புளிப்பு அனுமதி. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் துடைத்து, நன்றாக அலசிவிடுங்கள். வினிகரில் ஊறப்போடவே கூடாது. முலாம் விட்ட இடத்தில் பித்தளையின் துத்தநாகம் முதலில் கரைந்து, செம்பு நிறத்தில் தேமல் விழும். அந்தத் தேமல் போகாது. பச்சைக் களிம்பு இருந்தால் மரப் பற்குச்சியின் முனையில் ஒரு துளி எண்ணெய் தொட்டுச் சுரண்டுங்கள். மரம் உலோகத்தைவிட மெத்து, கீறாது. கறுத்த இடங்களை அப்படியே விடுவேன். எண்பது வயதுக்குக் கொஞ்சம் கறுப்பு அழகுதான்.

கிருமி நீக்கத்தைக் கடைசியில் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அழுக்கின் மேல் ஊற்றுகிற மருந்து அழுக்கோடு நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. பல வருடம் டிராயரில் கிடந்த ரேசரில் அந்தப் பயம் குறைவு. ஆனால் போன வாரம்வரை யாராவது உபயோகித்தார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தலையை மட்டும் பத்து நிமிடம் முக்குங்கள். 99 சதவீதம் இன்னும் வீரியம் என்று நினைக்க வேண்டாம். கிருமிக்குள் இறங்க அந்த 30 சதவீதத் தண்ணீர் தேவைப்படுகிறது, சுத்த ஆல்கஹால் வேலை முடியுமுன்னே ஆவியாகிவிடும். பிடியில் படக்கூடாது, சில பழைய பிளாஸ்டிக்குகள் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடும். பிடியைச் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும். அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலை வேண்டாம். பிளீச்சிங் திரவத்தை நினைத்தும் பார்க்க வேண்டாம். அதிலிருக்கும் குளோரின் எஃகு ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

பிறகு உலர்த்துவது. துணியில் ஒற்றி, தலையைக் கீழாக வைத்து ஓர் இரவு விடுங்கள். சந்துக்குள் தங்குகிற ஈரம்தான் ஸ்பிரிங்குக்கு எமன். காய்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளாவட்டத்தில் பிசுக்காகிச் சிக்கு நாறும், எந்த அழுக்கை எடுத்தீர்களோ அதுவே திரும்ப உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சவரத்துக்கு ஒரு குறிப்பு. இரண்டு பக்க ரேசருக்குப் பழகிய கை பிடியைத் தாழ்த்தும். இதில் அது கூடாது. தலையின் மேல்தகட்டைக் கன்னத்தில் படுக்கவைத்து, பிளேடு மயிரைத் தொடுகிறவரை மட்டும் பிடியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தடித்த பிளேடு வளைந்து கொடுக்காது. அழுத்தினால் தோலில் இறங்கும், அழுத்தாவிட்டால் வறண்ட ஓலையைக் கத்தரிப்பது போல ஒரு சரசரப்புக் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் கோணம் சரி. பிளேடைத் தினமும் கழற்ற வேண்டாம். அலசி, உதறி, உலர வைத்தால் போதும். மழுங்கியதும் டப்பாவைச் செருகித் தள்ளுங்கள், பழையது மறுபக்கம் வந்து விழும். அந்தப் பக்கத்தில் ஒரு காலி காபித்தூள் டப்பாவை, மூடியில் கீறல் போட்டு, தயாராக வைத்திருங்கள். என்னுடையது நான்கு வருடமாக நிரம்பவில்லை.